இரண்டு ஜாமீன் கையெழுத்து

பிறையில், கொண்டெய்னர் கம்பெனி ஆபீஸில்
ஏர்கோன் குளிருக்குத் தாளே விறைத்திருந்தது.
பயிற்சி இலவசம். லைசன்ஸ் இலவசம்.
பழகும் மாதங்களில் பாதிச் சம்பளம்.
பதிலுக்கு மூன்று வருடம் அவர்கள் லோரி;
நடுவில் இறங்கினால் ஒன்பதாயிரம் வெள்ளி.
"யோசித்து வாங்க, கோகிலவாணி" என்றார் கிளார்க்,
பேனாவை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்து.

நைட் ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்
பாலத்து நெரிசலில் நிற்கும்.
ஒருநாள் பக்கத்தில் ஒரு ப்ரைம் மூவர்,
என் ஜன்னலைவிட ஓராள் உயரம்.
உள்ளே ஒருத்தி ஸ்டேரிங் மேல் பொட்டலம் பிரித்து
நாசி லெமாக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்,
பின்னால் அடிக்கும் ஹாரன் எதுவும்
தன்னுடையதில்லை என்பதுபோல.
ஆசை அந்தப் பொட்டலத்தில் தொடங்கியது.
பெரிய காரணம் எதுவும் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஜூருவில் இருக்கிறது தனியார் பள்ளி.
தகரக் கொட்டகை, ஒரே ஒரு ட்ரெய்லர்,
அதன் கதவில் பழைய முதலாளி பெயரைச்
சுரண்டிய தடம்.
நாலாயிரத்து முந்நூறு. தவணை கிடையாது.
முடித்த பிறகு வேலை?
"அது உங்க ராசி" என்று சிரித்தான்
கூம்பு அடுக்கிக்கொண்டிருந்த பையன்.
அவன் லைசன்ஸ் எடுத்து ஏழு மாதம்;
போகிற இடமெல்லாம் அனுபவம் கேட்கிறார்களாம்.
பிறகு ஏன் இன்னும் இங்கே என்றேன்.
கூம்பு அடுக்க, நாளுக்கு நாற்பது வெள்ளி.

கணக்குப் போட்டால் கம்பெனிதான் லாபம்.
பாகான் டாலாம் டோபிக் கடையில்
யூனிஃபோர்ம் சுழன்ற இருபத்தெட்டு நிமிடமும்
பத்திரத்தைப் படித்தேன்.
பதினொரு வருடம் பாயான் லெப்பாஸில்
உருப்பெருக்கியின் கீழ்
கண்ணுக்குத் தெரியாத பழுதைத் தேடியவள் நான்.
ஏழாவது விதியில் அபராதம், முன்பே சொன்னதுதான்.
ஒன்பதில் 'கம்பெனியின் விருப்பப்படி' மூன்று தடவை;
அதையும் பொறுக்கலாம்.
கடைசிப் பக்கத்தில் கண் நின்றது:
ஜாமீன்தாரர் இருவர், முழுப்பெயர், ஐசி நம்பர்.

கேன்டீனில் ரொஹாயா எட்டிப் பார்த்தாள்.
பத்து வருடமாக எனக்குப் பக்கத்து நாற்காலி.
என்ன பத்திரம் என்று கேட்கவில்லை.
"எங்கே போடணும்?" என்றாள் மலாயில்,
பேனா மூடியைப் பல்லால் கழற்றியபடி.

அந்த வேகம் எனக்குத் தெரியும்.
அதே வேகத்தில்தான்
விக்னராஜன் பைக்குக்கு நான் போட்டேன்.
அவன் ஜொகூருக்குப் போனான், பைக்கும் போனது.
பின்சீட்டில்கூட ஏறாத அந்த வண்டியை
நாற்பத்தாறு மாதம் நான்தான் ஓட்டினேன்,
ஐந்தாம் தேதிதோறும், பேங்க் வாசல் வரை.

நாளைக்கு என் முதுகு பிடித்துக்கொண்டால்,
நாளைக்கு ஒரு சூப்பர்வைசரின் கை நீண்டால்,
இறங்க நினைக்கிற ஒவ்வொரு தடவையும்
ரொஹாயாவின் வீட்டு வாசலைத் தாண்டித்தானே
இறங்க வேண்டும்?

பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தபோது
காலிக் கட்டங்களைத் தட்டிக் கேட்டார் கிளார்க்:
"கையெழுத்துப் போட ஆள் இல்லையா?"
"இருக்கிறாள். அதனால்தான்."

இபிஎஃப்பின் மூன்றாம் கணக்கில் கொஞ்சம்,
சீட்டைத் தள்ளி எடுத்ததில் மீதி.
தப்பான முடிவாகவும் இருக்கலாம்.
அனுபவம் கேட்கப்போகிறவர்களுக்கு
என்னிடம் இன்னும் பதில் இல்லை.

இன்று காலை ரிவர்ஸ் பாடம்.
ஸ்டேரிங்கை இடது பக்கம் ஒடித்தால்
வால் வலது பக்கம் போகிறது;
தெரிந்தும் கை கேட்கவில்லை.
நாலு கூம்பில் மூன்றைச் சப்பையாக்கினேன்.
பையன் ஓடிவந்து ஒவ்வொன்றாக நிமிர்த்தினான்.
நாற்பது வெள்ளிக்கு அது அதிகப்படி வேலை.
கண்ணாடியில் சின்னதாகத் தெரிந்தான்,
கையைச் சுழற்றியபடி:
வா, வா, இன்னும் இடம் இருக்கு, வா.