கடைசி உறைபனிக்குப் பிறகு

பொட்டலத்தின் முதுகில் பொடி எழுத்தில் இருந்தது:
மிதமான கடலோரப் பகுதிகளில்
இளவேனில் தொடக்கத்தில்
கடைசி உறைபனிக்குப் பிறகு விதைக்கவும்.

கடலோரம், சரி.
பாசிர் ரிஸ், பன்னிரண்டாம் மாடி.
கம்பிக்கு வெளியே கழுத்தை நீட்டினால்
உபின் தீவுக்கு முன்னால்
ஒரு கீற்றுக் கடல் தெரியும்.
உறைபனிக்கு எங்கே போவேன்?
இந்த வீட்டில் அது
ஃப்ரிட்ஜின் மேல்தட்டில்தான் இருக்கிறது,
பாறை மீன் துண்டங்களைப் பிடித்துக்கொண்டு.

லெட்டூஸ் விதைகளுக்கு
நானே ஒரு குளிர்காலம் செய்துகொடுத்தேன்.
ஈரத்தாள், கண்ணாடி டப்பா,
தோசை மாவுக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவில்
ஐந்து நாள்.
நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்த அமுதவாணன்
கதவைத் திறந்து
இரண்டு விநாடி விடியல் கொடுத்துவிட்டுப்
போய்ப் படுத்தான்.

தை முடிந்து மாசி பிறந்திருந்தது.
மழை ஓய்ந்து, தாழ்வாரத்தில்
காற்று மட்டும் மிச்சம்.
எதிர்வீட்டு வாசலில் ஆரஞ்சுச் செடிகள் இரண்டு
பண்டிகை முடிந்தும் சிவப்பு நாடாவை அவிழ்க்காமல்.
முட்டை அட்டையில் பத்துக் குழி.
குழிக்கு மூன்று விதை.
மண் போட்டு மூடாதே, வெளிச்சம் வேண்டும் என்றது பொட்டலம்.
வெளிச்சத்துக்கா இங்கே பஞ்சம்!

மூன்றாம் நாள் காலை
கொசு அதிகாரி வந்தார்.
பூந்தொட்டி, வாளி, துடைப்பக் குச்சியின் பொந்து,
எல்லாவற்றிலும் டார்ச் அடித்தார்.
அட்டைக்கு அடியில் வைத்த தட்டு
நினைவுக்கு வந்ததும் என் வயிறு கலங்கியது.
நேற்று ஊற்றிய தண்ணீர்.
வடித்தேனா?
குனிந்தவர் நிமிரவில்லை.
வாங்க என்று கையால் மட்டும் அழைத்தார்.

புழு என்றே நினைத்தேன்.
வெள்ளையாய், வளைந்து,
நூலிலும் மெலிந்த ஒரு கழுத்து.
விதையோட்டை இன்னும் கழற்றாத தலை.
பக்கத்துக் குழியில் இன்னொன்று.
டார்ச் வெளிச்சத்தில் நாங்கள் இரண்டு பேரும்
மூச்சுவிடாமல் நின்றோம்.
பிறகு அவர் படிவத்தில்
'எதுவும் காணப்படவில்லை' என்று குறித்து
அடுத்த வீட்டு மணியை அடித்தார்.

எட்டு வாரத்தில் உருண்டு திரளும் என்றது பொட்டலம்.
திரளவில்லை.
ஆறாம் வாரமே தண்டு நிமிர்ந்து ஓடியது,
பேருந்தைத் தவறவிட்டவள் போல.
ஒடித்தால் பால். கடித்தால் கசப்பு.
மக்சிக் ரொஹானி ஓர் இலையை மென்று
ஒரு கண்ணை மூடி
"சம்பால் இருக்கா?" என்றார்.
வாசலில் நின்றபடியே
ஒன்பது செடியையும் தின்று தீர்த்தோம்.

பத்தாவதைத் தொடவில்லை.
மஞ்சளாய்ப் பூத்துப் பஞ்சாகிக்கொண்டிருக்கிறது.
விதை காய்ந்ததும்
பழைய அங்பாவ் உறை ஒன்றில் போட்டு
முதுகில் எழுத வேண்டும்:
எப்போது வேண்டுமானாலும்.
தட்டில் தண்ணீர் நிற்கக் கூடாது.