சில்லறை

எந்த நிறுத்தத்தில் என்று தெரியவில்லை,
புதன்கிழமை என் குரல் இறங்கிப் போய்விட்டது.
அதன்பின் ஊர்களுக்கெல்லாம் விசில்தான்:
குன்றக்குடிக்கு இரண்டு,
பிள்ளையார்பட்டிக்கு மூன்று,
திருப்பத்தூர் எப்படியும் கடைசி, ஊதவே வேண்டாம்.

காரைக்குடி நாட்டு மருந்துக் கடையில்
கழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.
சேவுகப்பெருமாள் ஒன்றும் கேட்கவில்லை;
சித்தரத்தையை உடைத்துத் தாளில் மடித்தார்.
"கடிச்சிறாத, ஒதுக்கிக்க."
கன்னத்தில் ஒதுக்கினேன்.
முதலில் மரம், அப்புறம் மண்,
வைரவன்பட்டி தாண்டும்போதுதான் காரம்
காது வரை ஏறி இடம் பிடித்தது.

மிச்சத் துண்டு சில்லறைப் பையில் கிடந்தது.

இருட்டிய பிறகு கடைசி நடை.
பின்னிருக்கையில் ஒரு பெண், வழி முழுக்க இருமல்.
அவளுக்கு ஒரு ரூபாய் பாக்கி.
பைக்குள் துழாவி
விரலில் பட்டதைக் கொடுத்தேன்.
பார்த்தாள். முகர்ந்தாள்.
வாயில் போட்டுக்கொண்டு
ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

மறுநாளும் அதே இருக்கை. இருமல் பாதிதான்.
"நேத்து குடுத்தது சரி.
அந்த ஒத்த ரூவா?"

கொடுத்தேன்.
கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நாளில் முதல்முறையாக
வாய்திறந்து ஊர் பேரைக் கூவினேன்.
'பிள்ளை' வரைக்கும் வந்தது.
மிச்சத்துக்கு விசில்.