முகம் கொடுத்தல்

தராசு மேடையில் லோரி ஏறும்.
அது கிளப்பும் காற்று
ஜன்னல் வழியாக என் கன்னத்தில் ஏறும்.
அவ்வளவுதான்,
இடது மூக்கோரத்திலிருந்து காதுவரை
யாரோ கரண்ட் வயரை வைத்து எடுப்பார்கள்.
மூன்று எண்ணுவதற்குள் போய்விடும்.
நான்கிலிருந்து
அடுத்ததற்குக் காத்திருப்பேன்.

பதினெட்டு டன் நானூற்று இருபது கிலோ,
எழுதி நீட்டுவேன், வாய் திறக்காமல்.

"ஆபிஸ் அக்கா முகம் கொடுத்தே பேசறதில்ல."
லாபிஸ் சுற்றுவட்டச் செம்பனை லோரிக்காரர்கள்
கோப்பிக் கடையில் பேசிக்கொண்டது.
உண்மைதான்.
கொடுப்பதற்கு வலது பாதிதான் இருந்தது.

பல் என்றார்கள் முதலில்.
பஸ் ஸ்டாண்டு எதிரே, மாடியில், டாக்டர் லிம்
கடைவாயில் ஒன்றைப் பிடுங்கினார்.
வெள்ளைத் துணியில் வைத்துக் காட்டினார்: நல்ல பல்.
இரண்டு மாதத்தில் அதன் அண்டை வீட்டையும் காலி செய்தார்.
வலி மட்டும் குடிபெயரவில்லை.
பல் இல்லாத இடத்தில் பல்வலி,
கேட்டவர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை,
சிரித்தால் வரும்.

சைனஸ் என்றாள் தங்கை திலகராணி.
அவளுக்கு அப்படித்தான்:
குனிந்தால் கன்னம் கனக்கும், மூக்கு அடைக்கும்,
கொதிநீரில் நாலு சொட்டு கோடாலித் தைலம்,
போர்வைக்குள் பத்து நிமிடம், இறங்கிவிடும்.
எனக்கு அந்த ஆவி தொட்டதே போதும்,
போர்வையை உதறிக்கொண்டு எழுந்தேன்.

பக்கத்து மேசை அஞ்சலைதேவிக்கும் தாடைவலி.
புருஷன் ஆலோங்கிடம் வாங்கிய கடனை
அவள் ராத்திரியெல்லாம் பல்லிடுக்கில் மென்றாள்.
காலையில் ரொட்டி கடிக்க வாய் திறக்காது, டக்கென்று சத்தம் வேறு.
வெந்நீர்த் துணி, குழைந்த கஞ்சி,
தூங்கும்போது பல்லுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை.
எல்லாம் கொஞ்சம் கேட்டது.
கடைசித் தவணை கட்டிய வாரம் மீதியும் கேட்டது.

செகாமாட் ஆஸ்பத்திரியில் டாக்டர் நோராய்னி
என்னைத் தொடவில்லை.
"எது தொட்டால் வருகிறது?" என்றாள்.
ஒன்றரை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.
சொன்னேன்:
காத்தாடிக் காற்று. பல் துலக்குவது.
முகம் கழுவும் முதல் கை தண்ணீர்.
பேரன் இந்தப் பக்கம் முத்தம் கொடுத்தால்.

அட்டையின் பின்புறம் ஒரு நரம்பு வரைந்தாள், மூன்று கிளை.
நடுக்கிளை என்னுடையது.
ரத்தக்குழாய் ஒன்று வேரில் உரசிக்கொண்டிருக்கலாம்,
துடிப்புக்கு ஒரு தரம்.
மட்டை உரசி உரசி உறை கிழிந்த வயர்
மழைநாளில் பொறி தட்டுவதை
லைன் வீட்டில் வளர்ந்த எனக்கா விளக்க வேண்டும்?

பனடோல் இதற்குக் கேட்காதாம்.
வலிப்புக்காரர்களுக்குத் தரும் மாத்திரை,
ரத்தம் பார்த்துவிட்டு, பாதி பாதியாக ஏற்றினாள்.
முதல் வாரம் தராசு முள் இரண்டாகத் தெரிந்தது.
மூன்றாம் வாரம்
பொட்டு வைத்துக்கொண்டேன்.

பிறகுதான் சன்னாசி.
லோரியிலிருந்து இறங்கித் தாடையைப் பிடித்தபடி,
"பல்லுக்கா, சாயங்காலம் லிம்முகிட்ட போறேன்."
எனக்கு அந்தக் கேள்வி தொற்றியிருந்தது.
"எப்ப வருது?"
"குலை தூக்குறப்ப. வேர்த்துக் கொட்டுது.
உக்காந்தா போயிடுது."
"இப்ப?"
"இப்ப உக்காந்தும் போகல."

நீ குலை தூக்குவது பல்லுக்கு எப்படியடா தெரியும்?
சீட்டை எழுதாமல் போனை எடுத்தேன்.
ஆம்புலன்ஸ் வரும்வரை வெளியே வரிசையில்
ஹாரன் மேல் ஹாரன்.

நெஞ்சுக்குள் இரண்டு ஸ்பிரிங்கோடு திரும்பி வந்தான்.
இனி ஓட்ட மட்டும்தான், தூக்கக் கூடாது.

இன்று காலை மழைக்கு முந்தைய காற்று.
துண்டை முகத்தோடு சுற்றிக்கொண்டு எழுதினேன்:
பத்தொன்பது டன் அறுபது.
ஜன்னலில் சன்னாசி,
"அக்கா இப்ப சிரிச்சீங்க."
"இல்லப்பா," என்றேன்,
"வருதான்னு பார்த்தேன்."