எட்டேகால் மணிச் சைக்கிள்

எட்டு மணிச் செய்தியில் எங்கள் ஆறு
போன வருஷத்து ஆறாக ஓடியது.
படத்தில் என் மீன்கடைக்குப் பச்சைக் கூரை.
அது காற்றில் பறந்து
நீலத் தார்ப்பாய் கட்டி ஏழு மாதமாகிறது.

பெலெம் நகரத்துக் குளிரறையில் உட்கார்ந்து
"நீரின் தரம் இயல்பாகவே உள்ளது" என்றார் கோட் போட்டவர்.
அவர் வாய் மூடியதும் அலுமினிய ஆலை விளம்பரம்:
சிவப்பே இல்லாத உலகத்தில்
ஒரு குழந்தை தண்ணீர் குடித்தது.

என் வாளித் தண்ணீரைச்
சிவப்பு என்று சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.
சொல்லாமல் இருக்கவும் இல்லை.

எட்டேகாலுக்கு வால்தெனிர் வருவான்.
சைக்கிளின் பின்னால் இரண்டு ஒலிபெருக்கி, ஒரு கார் பேட்டரி.
பத்து வருஷமாய் அவன் கூவியது
சமையல் வாயு, செருப்புத் தள்ளுபடி,
இன்னாரின் அடக்கம் நாளைக் காலை ஒன்பது மணி.
பிப்ரவரியிலிருந்து
அதே குரலில், அதே இழுவையில்:
"அராபிரி ஓடையில் மீன் செத்து மிதக்குது.
எண்ணினேன், நாற்பத்தொன்று.
அப்புறம் இருட்டிடுச்சு."

நகராட்சி அவனைப் புளுகன் என்றது.
என் மைத்துனன் எதியல்சனும் அப்படித்தான் சொன்னான்.
ஆலையில் வேலை, அவனுக்கு மூன்று பிள்ளை.

ஒரு ராத்திரி அவன் சொன்னது பொய்யாய்ப் போனது.
சேற்றுக் குளத்தின் கரை உடைந்ததென்று கத்தினான்.
குழந்தைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள்,
நான் தராசை.
தேவாலயப் படியில் விடியும்வரை
ஆற்றுப் பக்கமே காதை வைத்திருந்தோம்.
உடையவில்லை.

மறுநாள் அதே நேரம் வந்தான்.
யாரோ எறிந்த மாம்பழச் சதை முதுகில் அப்பியிருந்தது.
"நேற்று நான் சொன்னது தவறு.
கண்ணால் பார்க்கலை. கேட்டதைச் சொல்லிட்டேன்."
பதினான்கு தெருவுக்கும் சொன்னான்.
எங்கள் தெருமுனையில் சங்கிலி கழன்றது.
குனிந்து மாட்டிவிட்டு,
கையைக் கால்சட்டையில் துடைத்து,
விட்ட இடத்திலிருந்து மறுபடியும்.

என் கூரையைப் பற்றி
டிவிக்காரர்கள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

பெட்டியை விற்றுவிடவில்லை,
கால்பந்து இருக்கிறதே.
எட்டு மணிக்கு மட்டும் சத்தத்தை அணைத்துவிட்டு
ஜன்னலைத் திறந்துவைக்கிறேன்.

வால்தெனிர் சொன்னாலும்
விடிந்ததும் ஓடைவரை நடக்கிறேன்.
நேற்று அவன் கணக்குப் பன்னிரண்டு.
எனக்குப் பதின்மூன்று வந்தது,
ஒன்று பாலத்தடியில், வேரில் சிக்கி.

இன்று வரும்போது
நிறுத்திச் சொல்ல வேண்டும்.