நூல் வகையில் ஒன்பதாயிரம்

பதிவேட்டில் பத்தொன்பது பேர்.
இருபதாவது மிஷினில் சகாயமேரி.
ஏழு மாதமாக அவளை நான்
சில்லறைச் செலவில் எழுதி வருகிறேன்:
நூல், ஊசி, டீ. மாதம் ஒன்பதாயிரம்.

"இருபது ஆனா பி.எஃப். வந்துடும்மா.
வந்தா போகாது.
அப்புறம் பத்தா குறைஞ்சாலும் விடாது"
என்றார் மின்ட் தெரு ஆடிட்டர் தணிகாசலம்,
தூரத்துச் சொந்தம் வந்து தங்கப்போவதைச்
சொல்கிற குரலில்.

கீழே டயர்க்கடை. மேலே நாங்கள்.
கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
பாபின் டப்பா மேசையில் தானாக நகரும்.
துறைமுகத்து ஆட்களுக்குப் பச்சை ஜாக்கெட் தைக்கிறோம்.
வெளிச்சம் பட்டால் மட்டும் தெரிகிற பட்டை
மார்பில் இரண்டு, முதுகில் ஒன்று.

ஆய்வாளர் கிளம்பிவிட்டார் என்று ஒருநாள் போன்.
கொருக்குப்பேட்டை கேட் போட்டிருந்தது, நல்லகாலம்.
கூட்ஸ் வண்டி ஐம்பத்தெட்டுப் பெட்டி.
அது கடப்பதற்குள் சகாயமேரி
பின்படியில் இறங்கி
சுலைமான் கடையில் பன் தின்றுகொண்டிருந்தாள்.
வந்தவர் இருபதாவது மிஷினைத் தொட்டுப் பார்த்தார்.
சூடாக இருந்தது.
ஸ்பேர் என்றேன்.
"ஓடாத மிஷினுக்கு எதுக்கும்மா ஃபேன்?"
டீயை நிதானமாகக் குடித்து முடித்துப் போனார்.

ஆடியில் ஊசி அவள் விரலில் இறங்கியது.
நகத்தைத் துளைத்து உள்ளே முறிந்தது.
மற்ற எல்லோருக்கும் ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது.
ஸ்டான்லியில் ஓ.பி. சீட்டு வாங்கி
அவளோடு வரிசையில் நின்றேன்.
எங்கே வேலை என்று டாக்டர் கேட்டார்.
"வீட்லதான், சும்மா தைப்பேன்" என்றாள்
என் பக்கம் திரும்பாமல்.
நான் சொல்லிக்கொடுத்ததில்லை அது.
இரவு எழுதினேன்:
மருந்து 340. ஆட்டோ 180.

இப்போது நாலாயிரம் ஜாக்கெட்டுக்கு ஆர்டர்.
பெரிய கம்பெனி.
ஒப்பந்தத்தின் பதினோராம் பத்தி கேட்கிறது:
பணிபுரிவோர் அனைவரின் பி.எஃப். ரசீது.
அந்த 'அனைவரின்' மேல்
என் விரல் கொஞ்ச நேரம் இருந்தது.

ஆடிட்டருக்கு வழி தெரியும்.
ஹாலுக்குக் குறுக்கே ஒரு பிளைவுட் தட்டி.
அந்தப் பக்கம் வீட்டுக்காரர் பெயரில் இன்னொரு கம்பெனி,
இன்னொரு ஜி.எஸ்.டி. எண்.
இரண்டு போர்டு, ஒரே கக்கூஸ்.
கார்பென்டர் வந்து சாக்பீஸால் கோடு இழுத்தான்.
கோடு நேராக அவள் ஸ்டூலுக்கு அடியில் போனது.
கொஞ்சம் நகருக்கா, என்றான்.
"எந்தப் பக்கம்பா?" என்று கேட்டாள்.
அவன் என்னைப் பார்த்தான்.

அவனுக்கு அரைநாள் கூலி கொடுத்து அனுப்பினேன்.
நல்லவள் என்பதால் இல்லை.
யாருடைய விரல் எந்தக் கம்பெனியில் இருக்கிறதென்று
இனி நினைவு வைத்துக்கொள்ள
என்னால் முடியாது.

ஆன்லைனில் ஒரு கட்டம்: சேர்ந்த தேதி.
"இன்னைக்குத் தேதி போடுங்கம்மா,
பழசைக் கிளறாதீங்க."
அபராதம், வட்டி, ஏழு மாதத்துக்கு இரண்டு பங்கும் கூட்டினால்
ஒரு ஓவர்லாக் மிஷின் வாங்கலாம்.
அவளிடம் கேட்டேன்.
சாம்பல் புதனுக்கு மறுநாளாம்.
நெற்றியில் கொஞ்சம் மிச்சமிருந்ததாம்.
பிப்ரவரி என்று தட்டினேன்.

ஆதாரில் சகாய மேரி.
பேங்கில் சகாயமேரி.
பெயர் பொருந்தவில்லை என்றது திரை, சிவப்பில்.
எட்டிப் பார்த்துச் சிரித்தாள்:
"நேத்து வரைக்கும் நான் இல்லவே இல்ல.
இன்னைக்கி ரெண்டு பேரா?"

திருத்த ஓ.டி.பி. வந்திருக்கிறது, அவள் போனுக்கு.
பத்து நிமிடம்தான் செல்லும்.
போன் மகனிடம்.
சைக்கிளில் கொண்டுவருகிறான்.
கேட் போட்டிருக்கிறதாம்.