நார்த்தங்காய்

பச்சை நார்த்தங்காயை நினைக்கச் சொன்னார் டாக்டர் ஜெசிந்தா.
கத்தி இறங்குகிற சத்தம்,
விரலில் தெறிக்கிற எண்ணெய்.
"இப்போ கடிங்க."
தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் அந்த அறையில்
ஒரு மேசை, கிறீச்சிடும் ஃபேன், என் மூன்று மாத மாத்திரைச் சீட்டு.
காய் இல்லை.
எச்சில் மட்டும் நிஜம்.

"ஊறச் சொல்லி நீங்க உத்தரவு போடலையே?" என்றார்.

நான் மூணாறு தலைப்பில் லஸ்கர்.
வெண்ணாறு அங்கே மூன்றாகப் பிரிகிறது.
எந்த ஆற்றுக்கு எவ்வளவு என்று ஃபோன் வரும்.
நோட்டில் எழுதி, நேரம் போட்டு, ஷட்டரைச் சுற்றுவேன்.
பதினோரு வருஷத்தில்
உத்தரவில்லாமல் அரைச் சுற்று சுற்றியதில்லை.

போன ஐப்பசியில் தர்ஷிகா எனக்குச் சாப்பாடு எடுத்து வந்தாள்.
நடைபாலத்துக் கம்பியில் எட்டிப் பார்த்தாள்.
ஒரு செருப்பு கழன்று தண்ணீரில் விழுந்தது.
அவ்வளவுதான் நடந்தது.
மறுநாள் நீடாமங்கலம் கடைத்தெருவில்
புதுச்செருப்பு, நூற்றெண்பது ரூபாய்.

விழாத பிள்ளை
அன்றிலிருந்து விழுந்துகொண்டிருக்கிறாள்.
பல் தேய்க்கும்போது. பஸ்ஸில் சில்லறை வாங்கும்போது.
முதலில் ரிப்பன், பிறகு நுரை.
படம் முடிவதற்குள் முழங்கால் விட்டுப்போகும்.
ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல என்று வாய் சொல்லும்.
வயிற்றுக்குத் தமிழ் தெரியாது.

இது மட்டும் இவ்வளவு துல்லியமாக வருகிற கண்ணுக்கு
வேறெதுவும் வருவதில்லை.
பொங்கலுக்கு வீட்டுக்கு என்ன கலர் அடிக்கலாம்
என்று கேட்டாள் கௌசல்யா.
பொங்கல் என்ற சொல் இருந்தது.
சொல்லுக்குப் பின்னால் சுவர் இல்லை, வீடு இல்லை,
தை மாதத்தில் நடமாடுகிற நான் இல்லை.
எந்தக் கலரானாலும் சரி என்றேன்.
அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.
எதிரே சம்பா நட்ட வயல்.
பச்சை என்று தெரிந்தது. தெரிந்ததோடு சரி.
பன்னிரண்டு நாள் லீவு போட்டுப் படுத்திருந்தேன்.

"மனசும் ஒரு மதகு மாதிரிதான்" என்று ஆரம்பித்தார் டாக்டர்.
வேண்டாம் மேடம், என்றேன்.
மதகு இறுகினால் கிரீஸ் போடுவேன்.
சிரித்துவிட்டார். என்னமோ எழுதினார்.
பிறகு கேட்டார்:
"செருப்பு விழுந்தது. அதுக்கு அடுத்த நொடி?"

அடுத்த நொடி.
அங்கே நான் போனதே இல்லை.
ஒவ்வொரு தடவையும் நுரையோடு திரும்பி வந்திருக்கிறேன்.

"படத்தை நிறுத்தாதீங்க. ஓட விடுங்க" என்றார்.
அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தார்.

சாலியமங்கலம் தாண்டும்போது ஒரு தடவை விழுந்தாள்.
அம்மாப்பேட்டையில் இன்னொரு தடவை.
பக்கத்து சீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.
அதற்குப் பிறகு, எந்த ஊரென்று பார்க்கவில்லை,
கம்பியைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்றாள்,
கேரியரைத் தூக்கிக் காட்டினாள்.
"ரசம் கொட்டிப்போச்சுப்பா."

இதைச் சொன்னாளா அன்றைக்கு?
சொன்னாள். பாவாடையெல்லாம் ரசம்.
வீட்டில் திட்டு விழுந்தது.

முழங்கால் என்னவோ விட்டுத்தான் போயிற்று.
ஆனால் நாக்கின் ஓரத்தில்
லேசாகப் புளித்தது.