தெரிந்த கோப்பு எதுவுமில்லை

நிறுவைக் கொட்டகையில் மணி ஒன்பதே கால்.
வெளியே பதினோரு லாரி, செம்பனைக் குலையோடு நனைகின்றன.
ஜன்னலில் முழங்கை ஊன்றி ஆவுடையப்பன்:
பழுக்காத காய்க்கு நூற்றுக்கு மூன்று என்றுதானே பலகையில் எழுதியிருந்தீர்கள்,
சீட்டில் ஏன் ஐந்து?
சீட்டும் நனைந்திருக்கிறது.

ஜூலை விகிதம் ஒரு கோப்பில் இருந்தது.
கடார் என்று அதற்கு மலாயில் பெயர் வைத்த சுகுமாறன்
இப்போது சிங்கப்பூரில், வேறு யாருக்கோ வேறு கணக்கு எழுதுகிறான்.
கோப்பு காணவில்லை என்றதும்
முதலில் அவனைத்தான் திட்டினேன்.

கறுப்புத் திரையைத் திறந்து
பழையதைக் கொண்டு வா என்று தட்டினேன்.

இது களஞ்சியமே இல்லை என்றது கிட்.
சரிதான். ஒரு அடுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறேன்,
பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி
என் செருப்பு எங்கே என்றவள் மாதிரி.

உள்ளே போய்க் கேட்டேன்.
இந்தப் பெயருக்குப் பொருந்தும் கோப்பு
எதுவும் எனக்குத் தெரியாது என்றது.

பெரிய கே போட்டேன். சின்ன கே போட்டேன்.
என் கணினிக்கு இரண்டும் ஒன்று, கிட்டுக்கு
கந்தனும் கந்தானும் போல வேறு வேறு ஆள்.
பெயருக்கு முன்னால் இரண்டு கோடு போட்டேன்,
இது கிளை இல்லையப்பா, கோப்பு என்று.
தெரியாது. தெரியாது.

வரலாற்றைக் காட்டு என்றேன்.
ஒரே ஒரு வரி. நேற்றைய வரி.
அப்போதுதான் உறைத்தது:
இந்த ஆலையில் லைன் ஒரு புள்ளிக்கு மேல் ஏறாது என்பதால்
போன மாதம் புதுக் கணினிக்கு இறக்கியபோது
மேல் ஏட்டை மட்டும் கிழித்து வாங்கி வந்தேன்.
ஆழம் ஒன்று.
ஒரு சாண் கிணறு தோண்டிவிட்டுத் தண்ணீரைக் குறை சொன்னவள் நான்.

பகாவ் டவுனுக்கு ஏழு கிலோமீட்டர். மழையில் மோட்டார் வேண்டாம் என்று
வரிசையில் தன் இடத்தை விட்டுவிட்டு
ஆவுடையப்பனே லாரியைத் திருப்பினார்.
நாலு டன் குலை பின்னால் குலுங்க
மாமாக் கடை வாசலில் இறங்கினோம்.
அவருக்குத் தே தாரே. எனக்குக் கோப்பி ஓ, ஆறிப்போனது.
மீதி ஆழத்தையும் இறக்கு என்றேன்.
அறுபத்தொரு விழுக்காட்டில் நின்று யோசித்தது.
நாங்களும் யோசித்தோம்.

பிறகு வந்தது முழு வரலாறு.
அதில் கடாரை அழித்த வரி.
ஜூலை பத்தொன்பது, இரவு இரண்டு பதிமூன்று.
காரணம்: சுத்தம் செய்தேன்.
செய்தவர்: இளவேனில் ராமையா.

என் பெயரை நானே
கொஞ்ச நேரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அழித்த வரியிடம் கோப்பைக் கேட்டால் அது எப்படித் தரும்?
அதன் கையில்தான் இல்லையே.
அந்த வரியின் எண்ணுக்குப் பின்னால் கூரை மாதிரி ஒரு குறி:
அதற்கு முந்தியது என்று பொருள்.
அடித்தேன். கிட் ஒன்றும் பேசவில்லை.
வேலை நடந்தால் அது பேசாது.
கோப்பு வந்து உட்கார்ந்திருந்தது. திறந்தேன்.
மூன்று.

சீட்டுத் தேதி ஜூலை இருபத்திரண்டு.
பத்தொன்பதுக்குப் பிறகு எழுந்த என் நிரல்
கோப்பைத் தேடி, காணாமல்,
யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல்
தானாக ஐந்து என்று நிரப்பிக்கொண்டிருக்கிறது.
நாலு மணி நேரம் முகத்துக்கு நேரே
தெரியாது தெரியாது என்ற கிட்டை
சனியன் என்றேனே காலையில்.

உங்களுடையது மட்டும் இல்லை அண்ணே என்றேன்.
அவர் தே தாரே நுரையை ஊதி
எத்தனை லாரி என்றார்.

எண்ண ஆரம்பித்தேன்.
செப்டம்பர் வரை வந்திருக்கிறேன்.
வெளியே லாரித் தட்டிலிருந்து
ஒரு பழம் கழன்று, சாக்கடையோரம் உருண்டு நின்றது.
நன்றாகப் பழுத்த பழம்.